214ஆம் அறைக்கு நேரே பூஜ்யம்

ஆறு வருடமாக அவர் வருகைதரு பேராசிரியர். வந்தவர் வந்தபடியே இருந்தார்; போகச் சொல்லவும் ஆளில்லை, உட்காரச் சொல்லவும் ஆளில்லை. வருடா வருடம் பதினோரு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், அதுதான் உத்தியோகம். விருந்தினர் விடுதியில் ஒற்றைக் கட்டிலில் படுக்கை. மனைவி வேறு ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாதம் இரண்டு முறை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வேலையில் மட்டும் மனுஷர் புலி. வளாகத்தில் எந்தக் கட்டடம் எந்த மாதம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று ஒரு வருடம் முன்னாலேயே சொல்லிவிடுவார். ஆளில்லாத அறையில் ஏசி ஓடினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துறைத் தலைவர் அவருடைய கல்லூரிக் காலத் தோழர். மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் ஒரே சோப்பில் குளித்தவர்கள். "இந்தத் தடவை உனக்கு நிரந்தரம்டா. நான் இருக்கேன்ல? வீட்டம்மாவை மூட்டை கட்டச் சொல்லு" என்று போன வாரம்கூடத் தோளில் தட்டியிருந்தார். பேராசிரியர் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தார். அவளும் வெள்ளிக்கிழமை ராஜினாமா கடிதம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை, அடுத்த கல்வியாண்டில் எந்த அறையை யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்கள் என்ற பட்டியலைத் தலைவர் அனுப்பினார். அதை வைத்துத்தான் மின் தேவையைக் கணிக்க வேண்டும். பட்டியலில் 214ஆம் அறைக்கு நேரே பன்னிரண்டு மாதமும் பூஜ்யம். அது பேராசிரியரின் அறை.

வேறு யாராவது இருந்தால் அப்போதே விஷயம் புரிந்திருக்கும். ஆனால் இந்தக் கணிப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று பூஜ்யம் வந்தால், மீட்டர் பழுது, இல்லையென்றால் எழுதியவர் மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். போன வருடச் சராசரியைப் போட்டு நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இவரும் நிரப்பினார். 'பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை' என்று நண்பனுக்காகப் பரிதாபம் வேறு பட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நிர்வாகக் குழுக் கூட்டம். மின் பராமரிப்புப் பொறியாளர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"சார், ஒரு சந்தேகம். தலைவர் குடுத்த லிஸ்ட்ல 214 காலி. உங்க கணக்குல அது ஓடுதே?"

"அது விட்டுப்போயிருக்கு. சராசரி போட்டு நிரப்பிட்டேன்" என்றார் பேராசிரியர் சிரித்தபடி.

துறைத் தலைவர் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "விட்டுப்போகலை. அந்த நம்பர் சரிதான்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் அவரை நடைக்கூடத்தில் மறித்துக்கொண்டார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ரெண்டு மாசமாச்சு. மேல இருக்கறவங்க அந்த இடத்துக்கு வேற ஆளை முடிவு பண்ணிட்டாங்க. உனக்கு இனிமே அந்தப் பதினோரு மாச லெட்டரும் கிடையாது. நான் என்னடா பண்றது?"

"போன வாரம் மூட்டை கட்டச் சொன்னியே?"

"நீ ஆசையா கேட்டே. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. லிஸ்ட்டைப் பாத்தா நீயே புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதையும் ஒரு கட்டத்துக்குள் ஒரு பூஜ்யமாகப் போட்டு அனுப்பியவர் இவராகத்தான் இருக்கும். அவரை அறையலாமா என்று பேராசிரியருக்கு ஒரு கணம் தோன்றியது. சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, இப்பத்தான் லெட்டரைக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள் அவள். குரலில் அப்படி ஒரு துள்ளல். "யோசிச்சுத்தான் பண்றீங்களான்னு மேனேஜர் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு கணக்கு போட்டா தப்பாதுன்னு சொல்லிட்டேன்."

சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிடலாம். ரயிலேறி நேரில் போகும்வரை தள்ளிப்போடலாம். துறைத் தலைவர் இன்னும் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே பேராசிரியர் சொன்னார்:

"இந்தத் தடவை தப்பிடுச்சும்மா. எனக்கு இங்க வேலை இல்லை. உடனே போய் அந்த லெட்டரைத் திருப்பிக் கேளு."