நெருப்பு மூட்டாத பாய்லர்

அண்ணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே மின்நிலையத்தில் பாய்லர் பார்ப்பவள். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை பெரிதாகிவிட்டது. வீட்டில் அவள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுப்பார் என்று கணவர் கிண்டல் செய்வார்.

கணவரின் தங்கை அதே நிலையத்துக்குப் பொறியாளராக வந்து சேர்ந்தாள். "வீட்டுலதான் நாத்தனார்னா, இங்கயுமா!" என்று அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. பாய்லர் கூடத்துக்குப் பின்னால் ஆளுயரப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினாள். ஃப்யூயல் செல்களாம். உள்ளே போகும் எரிவாயு கொழுந்துவிட்டு எரியாது, நேராக மின்சாரமாகிவிடும். அப்போது கிளம்பும் அனலைப் பாய்லருக்குத் திருப்பி, நீராவியாக்கி, பழைய டர்பைனையும் அதிலேயே ஓட்டிவிடலாம் என்றாள்.

"எரியாம எப்படிடி சூடு வரும்? என் காதுல பூ சுத்தாத."

"சுத்தல அண்ணி. நீங்களே பாக்கத்தான போறீங்க."

சோதனை நாளன்று பர்னர்களை அணைக்கும் பொறுப்பு அண்ணியுடையது. செல்களின் அனல் குழாய் வழியே வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசிச் சுடரும் அடங்கியது. கூடத்தில் பாதிச் சத்தம் செத்துப்போனது போலிருந்தது. அழுத்தமானியின் முள் இறங்கியது.

"இறங்குதுடி! டர்பைன் நின்னா என் தலைதான் உருளும்!" அவள் விரல் மறுபடி பற்றவைக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கை வைக்காதீங்க அண்ணி, பொறுங்க." சொன்னவளின் முகமும் வெளிறித்தான் இருந்தது.

அண்ணி விரலை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. முள் இன்னும் சற்று இறங்கி நின்றது. நடுங்கியது. பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. விட்ட இடத்தைப் பிடித்து, அதையும் தாண்டியது. டர்பைன் சுதி பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணி குனிந்து பாய்லரின் கண்ணாடித் துளையில் பார்த்தாள். தினமும் நீலமும் மஞ்சளுமாகச் சீறும் இடம் கும்மிருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் நீராவி புறப்பட்டுப் போய் அவ்வளவு பெரிய இரும்பைச் சுழற்றுகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

"இங்க வாங்க அண்ணி" என்று நாத்தனார் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பாய்லரின் புகைபோக்கிப் பக்கம் நின்றாலே முன்பெல்லாம் முகம் காந்தும். அனலை உள்ளேயே உறிஞ்சிக்கொள்ள இப்போது கூடுதல் குழாய்கள் போட்டிருந்தார்கள். அண்ணி பயந்து பயந்து அதன் வெளித்தகட்டைத் தொட்டாள். குளிப்பாட்டிய குழந்தையின் முதுகுபோல வெதுவெதுப்பாக இருந்தது. அடியிலிருந்த சிறு குழாயில் தண்ணீர் சொட்டியது.

"எங்கயாவது ஒழுகுதா?"

"இல்ல அண்ணி. வாயுவுல இருக்கிற ஹைட்ரஜன் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்தா தண்ணிதான. ஆவியா வந்தது இங்க குளிர்ந்து சொட்டுது."

அண்ணி உள்ளங்கையைக் குவித்து ஏந்தினாள். எரிவாயுவாகப் போனது, மின்சாரமாகி, அனலாகி, கடைசியில் இப்படிப் பளிங்காகக் கையில் வந்து விழுகிறது! வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செலவான எரிவாயு பழைய அளவுதான். கிடைத்த மின்சாரமோ ஒன்றரை மடங்கு என்று மேலாளர் மாலையில் அறிவித்தார். கூடமே கைதட்டியது. அண்ணி நாத்தனாரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பாய்லருக்கு எப்படி பெட்டி வைக்கிறது? வாடி, இப்பவே போய்ப் பாத்துடலாம்."