பெண்கள் காட்சிக்குப் போய்வந்தவள்

…சிரித்திருக்கக் கூடாது, அதுவும் அவ்வளவு சத்தமாக, தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற கொழுந்தன் தம்பிராஜாவுக்கே கேட்டிருக்கிறதே, “என்ன அண்ணி, இன்னிக்கு உங்க சத்தந்தான் தூக்கலா இருந்துச்சு” என்று அவன் சொன்னபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள் பூங்காவனம். நாலு மணி வெயில், தார் செருப்பில் ஒட்டுகிறது, வீடு இருக்கிற காஜா பெராங் போய்ச் சேர இன்னும் அரை மைல், அதற்குள் முடிவுசெய்தாக வேண்டும், பார்க்கலாமா, கூடாதா… புதுப்படம் வந்தால் முதல் பெண்கள் காட்சிக்கு அவள் போவாள், வந்து குழாயடியில் கதையைச் சொல்வாள், அவள் சரி என்றால்தான் வரிசை வீடுகளில் வயசுப் பெண்களை அனுப்புவார்கள், ஜப்பான்காரன் போனதிலிருந்து இதுதான் வழக்கம். கூடாத இடங்களை அவளே வெட்டிவிடுவாள். கட்டிப்பிடித்தார்கள் என்பதைக் கண்ணால் பேசிக்கொண்டார்கள் என்பாள், பாவம், அவர்களும் நம்புவார்கள்.

ஆனால் இன்றைக்குக் கேட்கப்போவது படத்தைப் பற்றியா? நேற்று சிவகாமசுந்தரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாளே, “அக்கா, அந்தப் படத்துலயும் பசங்களும் பொண்ணுங்களும் ஒரே பஸ்ல ஊர் சுத்தப் போறாங்களாம். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறந்தான் எம் மக கோகிலாவோட பாரத்துல கையெழுத்துப் போடுவேன்.” வாலிபர் சங்கத்து பஸ் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கோலாலம்பூர் போகிறது, போக வீட்டார் கையெழுத்திட்ட பாரம் வேண்டும், இரண்டு இரவு அங்கே தங்கல், கோகிலா பாட்டுக் குழுவில் முன்வரிசை. போன வருஷம் சுதந்திரத் தேதி சொன்னபோது இங்கேயே பாடாங் திடலில் அத்தனை ஜனம் கூடியபோதும் அவளை விடவில்லை, பதினேழு வயசுப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது… இப்போது ஒரு படத்தைப் பார்த்து மகளை நிறுத்துவாளாம், இது என்ன கணக்கு? ஆனால் அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார், நீதானே பூங்காவனம், பத்து வருஷமாக.

படமா, ஆபாசம்தான், சந்தேகமில்லை. நாலு காலேஜ் பையன்கள், மூன்று பெண்கள், மலைக்குப் போகிற பஸ், வழியெல்லாம் இரட்டை அர்த்தப் பேச்சு, ராத்திரி தங்குகிற பங்களாவில் பையன்கள் அறை மாறிப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறார்கள், குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வருகிறாள் ஒருத்தி, கட்டில் உடைகிறது… அங்கேதான் சிரிப்பு பீறிட்டுவிட்டது, பக்கத்தில் பீவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், “யக்கா, முடியல” என்று இவள் தொடையில் அடித்தாள். கதை என்று ஒன்றும் இல்லை, இரண்டாம் பாதி வெறும் இழுவை, கேட்டால் பார்க்கத் தேவையில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எதற்காக முந்தானை கண்ணுக்குப் போனது, பஸ் மலையேறும்போது அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கூந்தல் பறக்க, காரணமே இல்லாமல் சிரித்தாளே, அதற்கா?

இவள் போனது லாரி, பஸ் இல்லை. தோட்டத்திலிருந்து செங் ஊர்க் கோயில் மாசி மகத்துக்கு, அப்போது இவளுக்கும் பதினேழு, ஆணும் பெண்ணுமாக நின்றுகொண்டே வந்தார்கள், மேட்டில் லாரி குலுங்கும்போதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து… ஒன்றும் நடக்கவில்லை, சாமி சத்தியமாக ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அதே லாரியில் வந்த சாரதாம்பாள் தோட்டத்து லயத்துக் கிணற்றடியில் சொன்னது ஒரே வரி, “பூங்காவனம் வழியெல்லாம் சிரிச்சிக்கிட்டே வந்தா.” பொய்யா? இல்லை, அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதினைந்தாம் நாள் முப்பத்தைந்து வயசுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள், நல்லவன்தான், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை, அவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது… எதிரே புக்கிட் பாரு போகிற பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. வழக்கம்போல வெட்டிவிட்டால்? நல்ல படம், மலை, அருவி, கல்யாணம். ஆனால் நாளைக்கு இன்னொருத்தி பார்த்துவிட்டு வந்து கட்டிலைப் பற்றிச் சொல்வாள், அப்புறம் பூங்காவனம் எதைச் சொன்னாலும் எடுபடாது, கோகிலா பாரம் அடுப்புக்குள் போகும். உள்ளதைச் சொன்னால் இன்றைக்கே போகும்.

சிவகாமசுந்தரி குழாயடியில்தான் இருந்தாள், இன்னும் நாலு பேர், வீட்டுக் கதவுக்குப் பின்னால் கோகிலாவின் பாவாடை நுனி. “எப்பிடி அக்கா, பாக்கலாமா?” பூங்காவனம் சொன்னாள், எதையும் வெட்டவில்லை, அறை மாறியதை, ஈரப் புடவையை, கட்டில் உடைந்ததை, “நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு” என்பதையும். “சீ, என்னக்கா இது” என்றாள் ஒருத்தி. சிவகாமசுந்தரியின் உதடு மட்டும் கோணியது, அடக்கினாள், முடியவில்லை, குனிந்து குடத்துக்குள் சிரித்தாள், பிறகு சட்டென்று நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“படத்த விடுங்க. உங்களுக்கு ஒரு மக இருந்தா அனுப்புவீங்களா?”

“அனுப்புவேன்.”

“பயமில்லாமயா?”

“பயந்துகிட்டேதான் அனுப்புவேன், சிவகாமி.”

சிவகாமசுந்தரி குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், கதவு பாதி திறந்தபடி நின்றது. கையெழுத்துப் போடுவாளா, தெரியவில்லை. எத்தனை படம் பார்த்து எத்தனை கதை சொல்லியிருக்கிறாள் பூங்காவனம், கதையில் என்ன நடந்தது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், நீ என்ன செய்வாய் என்று யாரும் கேட்டதே இல்லை… கேட்டதும் யோசிக்காமல் வந்துவிட்டதே, ‘அனுப்புவேன்’ என்ற அந்தச் சொல், இத்தனை வருஷமாக அது எங்கே இருந்தது?