கை படாத எஞ்சின்

பெரியண்ணனுக்குத் துடைப்பதில் ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் யாருக்காவது கண் கூசினால் அவர் காரைத் துடைத்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். பல் துலக்கும் பிரஷால் சக்கரத்தின் இடுக்குகளைத் தேய்ப்பார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஏசி துவாரங்களைக் குடைவார். பானெட்டுக்கு வெளியே மூன்று கோட் மெழுகு. உள்ளே இருக்கிற எஞ்சினுக்கு மட்டும் அவருடைய அன்பு வேறு மாதிரி. ஆயில் அளவு குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுவார். ஒன்பது வருடமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக மாற்றச் சொன்ன மெக்கானிக்குகள் எல்லோரும் அவரைப் பொறுத்தவரை பகல் கொள்ளைக்காரர்கள்.

தனக்குப் புதுக் கார் வந்ததும் பழையதைத் தங்கைக்கு விற்றார். பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர் போலக் கண் கலங்கி, "இன்னிக்கு வரைக்கும் ஒரு மெக்கானிக் கை இந்த எஞ்சின்மேல பட்டதில்லம்மா" என்றார். தங்கையும் அதை நல்ல சேதி என்றே நம்பினாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையை விட்டுவிட்டு, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கத் துணிந்திருந்தாள். அந்தத் துணிவுக்குச் சக்கரம் இந்தக் கார்தான். முதல் நோயாளி, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு ரிட்டயர்டு டீச்சர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையிலிருந்து அவரைத் தன் காரிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போய், அங்கேயே பயிற்சியை ஆரம்பிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஒரு படம். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அது சும்மா பல்பும்மா. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும்" என்றார் அண்ணன், புதுக் காரின் கண்ணாடியைத் துடைத்தபடி.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு வேறொரு இடத்துக்கும் போனாள். சேதி தெரிந்ததும் பெரியண்ணனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அரை மணி நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றார். அங்கே மெக்கானிக் ஒரு பெண் என்று பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. இவளிடம் பேசியே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார்.

மெக்கானிக் அம்மாள் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். உள்ளே ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் தார் இருந்தது. ஸ்குரு டிரைவரால் ஒரு கட்டியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். அது விழவில்லை.

"சார், வண்டிய எப்படி வெச்சிருந்தீங்க?"

பெரியண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "கண்ணுல வெச்சிப் பாத்துக்கிட்டேன். ஆபீஸ் பத்து நிமிஷ தூரம். அதுக்கு மேல ஓட்டினதே இல்ல. எஞ்சினச் சூடாக விட்டதே இல்ல."

"அதான். சூடாகாத எஞ்சின்ல ஈரம் தங்கிடும். ஆயிலோட சேந்து சகதியாயிடும்."

"ஆயில ஒரு நாளும் குறைய விட்டதில்ல. என் கையாலதான் ஊத்துவேன்."

"இறக்கினது எப்போ?"

"நல்லா இருக்கிற ஆயில எதுக்கும்மா இறக்கணும்?"

மெக்கானிக் அம்மாள் தங்கையை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்குரு டிரைவரைக் கந்தையில் துடைத்தாள். தார் லேசில் போகவில்லை. பெருமை என்று அவர் அடுக்கிய ஒவ்வொன்றும் அங்கே குற்றப் பத்திரிகையாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. அவர் மட்டும்தான் அதைக் கவனிக்கவில்லை.

"எஞ்சினுக்குக் கீழ ஆயில் நிக்கிற அடிச்சட்டியக் கழட்டி, உள்ள இருக்கிற வடிகட்டியக் கையால சுத்தம் பண்ணணும் மேடம். புதன்கிழமை ஆயிடும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க. ஆயில் மேல ஏறலன்னா, ஓடிட்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நடுரோட்டுல நின்னுடும். பின்னாடி ஒரு லாரி வந்தா அவ்வளவுதான்."

"மருந்து ஊத்திக் கரைச்சுடலாமே" என்றார் பெரியண்ணன், எல்லாம் தெரிந்தவர் குரலில்.

"இவ்வளவு சகதிக்கு மருந்து ஊத்தினா கட்டி கட்டியாப் பேந்து வந்து வடிகட்டிய அடைச்சுக்கும் சார். இருக்கிறதும் போயிடும்."

தங்கை வாடகைக் காருக்குச் சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தாள். பெரியண்ணன் தாம்தூம் என்று குதித்தார். நான் உயிரோடு இருக்கும்போது என் தங்கை வாடகைக் காரில் போவதா என்றார். கை பட வேண்டிய அவசியமே இல்லை, மூடியை மாட்டுங்கள் என்றார். "திங்கக்கிழமை காலைல வண்டி உன் வாசல்ல நிக்கும். இது என் வாக்கு."

அவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போனபிறகு பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர். அவள் சரி என்றாள். மெக்கானிக் அம்மாள் மூடியை மாட்டினாள்.

பெரியண்ணன் வண்டியைத் தன் வீட்டுக்கு ஓட்டிப்போனார். ஞாயிறு காலை கடையிலிருந்து கரைக்கும் மருந்து வாங்கிவந்து ஊற்றினார். பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை இறக்கச் சொல்லி டப்பாவில் எழுதியிருந்தது. அவர் தாராளமாக அரை மணி நேரம் ஓடவிட்டார். இறக்கவில்லை. இப்போதுதானே சுத்தமாகியிருக்கிறது, அதைப் போய்க் கொட்டுவானேன் என்பது அவர் நியாயம்.

எஞ்சினுக்குள் யாரோ டைப் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு இப்போது விடாமல் எரிந்தது. பெரியண்ணனுக்கு அந்த அம்மாள் சொன்னது சரியாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான். ஒர்க்‌ஷாப் வாசலில் கைகட்டி நிற்கும் தன் உருவம் உடனே கண்முன் வந்தது. அதைவிட எஞ்சின் இறுகுவதே மேல் என்று பட்டது.

பானெட்டுக்குள் குனிந்து தேடினார். விளக்குக்குப் போகிற வயர் அகப்பட்டது. பிடுங்கினார். விளக்கு அணைந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மனிதருக்கு நிஜமாகவே நெஞ்சு லேசானது. அதற்கப்புறம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மெழுகு போட்டார்.

திங்கட்கிழமை எட்டரைக்கு வண்டி தங்கை வீட்டு வாசலில் நின்றது. பளபளவென்று நின்றது. அவள் மடக்கு வாக்கரைப் பின்சீட்டில் வைத்தாள். டீச்சர் சாய்ந்துகொள்ள இரண்டு தலையணை வைத்தாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"விளக்கு எரியல. சரி பண்ணிட்டீங்களா அண்ணா?"

"பின்ன" என்றார் பெரியண்ணன்.

"நான்தான் உங்கள நம்பாமப் போயிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ஊர் நியாயமெல்லாம் பேசிய நாக்கு அதை மட்டும் உருட்டி உருட்டி உள்ளேயே வைத்துக்கொண்டது. "மெதுவாப் போ" என்றார்.

வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டு முனையில் சிவப்பு சிக்னல் விழுந்ததும் நின்றது. குறுக்கே ஒரு தண்ணீர் லாரி போனது. அதைப் பார்த்ததும் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே ஓடின. செருப்பு ஒன்று வழியில் கழன்றது. கண்ணாடியைத் தட்டி, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னார். மருந்தையும் சொன்னார். வயரையும் சொன்னார்.

அவள் எஞ்சினை அணைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சிக்னல் விழாம நான் போயிருந்தா, எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"சாயங்காலம் போன் பண்ணி..." என்று ஆரம்பித்தவர், தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினார்.

அவள் இறங்கினாள். வாக்கரையும் தலையணைகளையும் எடுத்துக்கொண்டாள். எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஆட்டோல அந்தம்மாவுக்குக் குலுங்கும்மா. என் புதுக் கார எடுத்துக்கோ" என்று சாவியை நீட்டினார். இந்தமுறை அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

"வேண்டாம் அண்ணா" என்றாள் அவள், தலையணைகளை ஆட்டோ சீட்டில் அடுக்கியபடியே. "அதுல எந்த வயரப் பிடுங்கி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது."