கேட்டுக் கேட்டு உண்டான ஆள்

வீட்டுச் சொந்தக்காரர் மகாராஜன் கேட்டுக் கேட்டே, ஐப்பசி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலையில் பெர்சிஸின் வீட்டில் ஓர் ஆள் உண்டானார். தச்சநல்லூரில் அந்த வாரம் குடிநீர்க் குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. தெருவில் அதைத்தான் பெரிதாகப் பேசிக்கொண்டார்கள்.

பெர்சிஸுக்கு நாற்பத்தோரு வயது. ஜங்ஷனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. அவள் கணவர் தேவஇரக்கம் நான்குவழிச் சாலையில் லாரி மோதி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். ஒருமுறை கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தபோது, யார் கையிலோ தெறித்ததைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் இல்லை. சித்திரையில் மகாராஜன் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். அதற்கு முன் பார்த்த நான்கு வீடுகளிலும் தனியாக இருக்கிற பொம்பளைக்குத் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மகாராஜன் முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஏறிய தலையும் கிழித்த டிக்கெட்டும் ஒத்துவராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தம் எழுதிய அன்றே, "வயசு வந்தவங்க எத்தன பேரு இருப்பிய?" என்று கேட்டார். "நான் மட்டுந்தான் அண்ணாச்சி" என்றாள் பெர்சிஸ். அவர் தலையாட்டினார். ஆனால் மறுநாளும் கேட்டார். கேட்டைத் திறக்கும்போது கேட்டார், தண்ணீர் மோட்டார் போடும்போது கேட்டார், அவள் கடையில் இருக்கும்போது போனில் கூப்பிட்டுக் கேட்டார். பால்காரரிடம் எத்தனை பாக்கெட் போகிறது என்று விசாரித்தார். மனைவி இசக்கியம்மாவை மொட்டைமாடிக்கு அனுப்பி, கொடியில் என்னென்ன காய்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். ஆறு மாதம், ஒரு நாள்கூட விடவில்லை. பெர்சிஸும் ஒரு நாள்கூடக் கோபப்படாமல் அதே மூன்று வார்த்தையைச் சொல்லிக்கொண்டு மாடியேறினாள்.

புரட்டாசியில் மாடிப்படியின் அடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. அடுத்த வாரம் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டதாக இசக்கியம்மா சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் கொடியில் ஒரு கட்டம்போட்ட சட்டை ஈரமாகத் தொங்கியது. பெர்சிஸ் அது காய்ந்ததும் மடித்து வைத்தாள். ஐப்பசியில் அந்தத் திங்கட்கிழமை அவள் எழுந்து அடுக்களைக்குப் போனபோது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. கீழ கேட்டுக்கிட்டே இருந்தாவ. வந்துட்டேன்" என்றார் அவர்.

எட்டு இருபது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவள் கிளம்பிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவர் இருந்தார். வெளி அறையில் அவருக்கு ஒரு பாய் போட்டுக் கொடுத்தாள்.

ஆளைப் பார்த்ததும் மகாராஜன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நான் அப்பமே சொன்னேம்லா" என்று மனைவியிடம் சொன்னார், அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் மறுநாளே அடுத்த கேள்விகள் தொடங்கின. சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கமோ என்று மூன்று முறை கேட்டார். அந்த வார முடிவுக்குள் மாடியில் இருந்தவருக்கு ஆழ்வார்திருநகரியின் தெருக்களும், ஆற்றில் எங்கே ஆழம், எங்கே மணல் என்பதும் தெரிந்திருந்தன. "அவரு மேல கேசு கீசு எதுவும் உண்டா?" என்று மகாராஜன் கேட்டார். மறுநாள் காலை அந்த ஆளின் இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. அவர் அதைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

கடைக்கு வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்த ஒரு வக்கீலம்மாவிடம் பெர்சிஸ் இதைப் பற்றிக் கேட்டாள். ஆள் உண்டானதைச் சொல்லவில்லை, கேள்விகளை மட்டும் சொன்னாள். "குடியிருக்குற பெரியவங்க யாரு, எத்தன பேருன்னு கேக்கட்டும், அடையாள அட்டை பாக்கட்டும். அதுக்கு மேல உங்க வாழ்க்கை அவருக்கு எதுக்கு?" என்றார் வக்கீலம்மா. பெர்சிஸ் சரி என்று கேட்டுக்கொண்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒரு வேகம் வேண்டும், அது அவளிடம் இல்லை.

கார்த்திகை தொடங்கியபோது மகாராஜன் அந்தக் கேள்வியைக் கேட்டார். படியேறப்போனவளை நிறுத்தி, "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு நெசமாவே செத்துட்டாரா? இல்ல, ஏதாச்சும் கேசுக்குப் பயந்து செத்துட்டதாச் சொல்லுதியளா? மேல இருக்கது அவருதானா?" என்றார். அவள் படியேறினாள். மேலே போனபோது அந்த ஆள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடித்திருந்த இடது கையில் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. தேவஇரக்கத்துக்கு அந்த நகம் அப்படித்தான் இருக்கும்.

பெர்சிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன காலில் ரத்தம் ஏறும்போது வருகிற குத்தல் அவள் உடம்பு முழுக்க வந்தது. மூன்று வருடத்தில் அவள் உணர்ந்த முதல் வலி அதுதான்.

அதன்பிறகு பத்து நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். மகாராஜன் வாசலில் இருக்கும் நேரம் பார்த்து வந்தாள், படியடியில் நின்று பையில் சாவியைத் தேடுவதுபோலத் தேடினாள். அவர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு தரம் கேட்டதும் மேலே அந்த ஆளிடம் ஒன்று கூடியது. சட்டையைக் கழற்றும்போது சீட்டியடிக்கிற பழக்கம் வந்தது. தோளைச் சற்றுச் சாய்த்து நடக்கிற நடை வந்தது. எட்டாவது நாள் தேவஇரக்கத்தின் குரல் வந்தது. பெர்சிஸ் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, அவர் பேசுவதைக் கேட்பதற்காக எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவது நாள் மாலை அவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "பெர்சி" என்று கூப்பிட்டார். தேவஇரக்கம் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டவர். அவள் நிமிர்ந்தாள். "நான் போகாத ஒரு ரோடு எனக்கு ஞாபகம் வருதும்மா. எதுத்தாப்புல லாரி வருது. வெளிச்சமா வருது. இன்னும் ஒருதரம் கேட்டாவன்னா அது வந்து சேந்துரும்னு நெனைக்கேன். எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பெர்சிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் அவள் அறிந்தது. பயம் மட்டும் முழுக்க இன்னொருவருடையது. சுயமாக ஒரு குற்றமும் செய்யாமல், கேட்டதற்காக வந்து வெங்காயம் உரித்த ஒருவருடையது.

அவள் எழுந்து கீழே போனாள். மகாராஜன் வாய் திறப்பதற்குள், "அண்ணாச்சி, குடியிருக்கவங்களப் பத்திக் கேளுங்க, சொல்லுதேன். என் வீட்டுக்காரரு இங்கன குடியிருக்கல. இல்லாதவரப் பத்திக் கேக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இனிமே கேக்காதிய" என்றாள். சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அதை இசக்கியம்மா சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

"அப்போ மேல எத்தன பேரும்மா?" என்று மகாராஜன் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு பேரு."

"சரி" என்றார். உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து, ஒன்று என்று இருந்ததை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஆளின் பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தவர், இசக்கியம்மா பார்த்த பார்வையில் அதை எடுத்துவிட்டார்.

லாரியின் வெளிச்சம் ஒரு வாரத்தில் மாடியில் இருந்தவருக்கு மறந்துபோனது. குரலும் நடையும் மெதுவாகக் கரைந்தன. நகம் மட்டும் பிளந்தபடி நின்றுவிட்டது. பெர்சிஸ் பழையபடி எட்டு இருபது பஸ்ஸில் போய்வந்தாள். பெரும்பாலான நாள்கள் முன்போலவேதான் கழிந்தன, சில நாள் மட்டும் காலில் லேசாகக் குத்தியது. மார்கழியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மாடிக் கதவில் நின்று, "அண்ணாச்சி, காலிய எடுங்க" என்றார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து எடுத்துக் கொடுத்தார்.