மொந்தெலார் வீட்டு அச்சு

மொந்தெலார் குடும்பம் தன் பத்திரிகையில் அச்சிட்டதெல்லாம் மறுநாள் நடந்தது. தென்னமெரிக்க மலைநாடு ஒன்றில், பாட்டனார் தேர்தலில் வென்றார் என்று வாக்களிப்புக்கு முன்பே போட்டார்கள், ஜனாதிபதியானார். மந்திரி ஒருவர் விலகினார் என்று போட்டார்கள். காலைக் கோப்பியைக்கூடக் குடிக்காமல் விலகினார். சாமியும் பூசாரியும் ஒரே வீடென்றால் வரத்துக்கு என்ன குறை? பிறகு இராணுவம் ஆட்சியைப் பிடித்து, செனட்டராக இருந்த மூத்த மகனைக் கொண்டுபோனது. ஒளித்துவைத்திருந்த அச்சில் தகப்பன், "மகன் வீடு வந்தார்" என்று போட்டார். மகன் வந்தான், வாசலில் தொப்பியைக் கழற்றினான், மறைந்துபோனான். செய்தியில் திகதி இல்லாததால் தினமும் வந்தான், தினமும் மறைந்தான். "தங்கினார்" என்று மறுபடி அடித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஒரு செய்திதான், மை பிடிக்கவில்லை. தாய் அந்த வாசலிலேயே நின்று உயிரை விட்டாள்.

இளைய மகன் எமிலியோ, இனி மையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து பாரிசுக்கு ஓடிவந்தார். அங்கே தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே கிழவரானார். கடையில் வேலை செய்து அதன் பின்னறையில் குடியிருந்த தில்லைநாயகியிடம் தமிழும் பழகினார்.

தில்லைநாயகியின் கணவர் தவரத்தினத்தை 2009 மே மாதம், இலங்கையில் போர் முடிந்தபோது சரணடைந்த இடத்தில், விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். லா சப்பல் சுவரெல்லாம் மரண அறிவித்தல்கள். அவருக்கு ஒன்று ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒட்டாமல் குங்குமத்தோடு நடந்தால் சனம் கதைத்தது. ஆண்டுக்கணக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள், கிழவர் வாய்தவறித் தன் வீட்டுக் கதையைச் சொன்ன அன்று, கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை. வாறது முழு ஆளில்லை. அம்மாவைக் கொன்றது அதுதான்."

"வாறது வரட்டும் ஐயா. மகனுக்குச் சாப்பாடு குடுக்க உங்கடை அம்மாவுக்குக் கிடைக்கேல்லை. நான் 'சாப்பிட்டார்' எண்டும் போடுவிப்பன்."

மரண அறிவித்தல் அடிக்கும் மகேந்திரராசாவின் அச்சகத்தில், சத்தியத்தை மீறி எமிலியோ பொத்தானை அழுத்தினார். எந்த அச்சானாலும் மொந்தெலார் கை பட்டால் போதும். "தவரத்தினம் வீடு வந்தார். வயிறாரச் சாப்பிட்டார்."

மறுநாள் மாலை தவரத்தினம் ரூ பஜோல் தெருப் பக்கமிருந்து வந்தார், பஸ்ஸில் ஏறியபோது உடுத்திருந்த அதே சாரத்தோடு. இடியப்பமும் சொதியும் வைத்தாள். வாங்கி வாங்கிச் சாப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, எங்கை கொண்டுபோனவங்கள்? அடிச்சவங்களோ?"

அவர் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டேயிருந்தார். அப்போதுதான் தில்லைநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். பசியை நினைத்தவள் பேச்சை நினைக்கவில்லை. சாப்பிட்டார் என்றுதான் போட்டிருந்தது, சொன்னார் என்று இல்லை. அவர் கைகழுவிவிட்டு மறைந்தார். அவள் அழுதது மேல்மாடிவரை கேட்டது. எமிலியோவும் அழுதார்.

இப்போது தினமும் மாலையில் தவரத்தினம் வீதியைக் கடப்பதைக் கண்டால், "தவம் அண்ணை வாறார், பூட்டிற நேரமாச்சு," என்று கடைக்காரர் கதவை இழுக்கத் தொடங்குகிறார்கள். குங்குமத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. தில்லைநாயகி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள்.

"எங்கை கொண்டுபோனவங்கள்?"

அவர் மென்றுகொண்டிருக்கிறார்.

"சரி, வடிவாச் சாப்பிடுங்கோ," என்று இன்னொரு கரண்டி சொதி ஊற்றுகிறாள்.