தீராத செவ்வாய்

புயலில் விமானங்கள் நின்றுபோன வாரத்தில், விமான நிலையத்தின் நான்காம் வாசலுக்கு எதிரே இருந்த ஒரு வரிசை நாற்காலிகளில் மட்டும் செவ்வாய்க்கிழமை முடியவில்லை. காரணம், அங்கே காத்திருந்த ஒரு தையல்காரி. புதன்கிழமை காலை வேறு ஊரில் அவள் தங்கைக்கு இதய அறுவை சிகிச்சை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். "நீ வந்து கையைப் பிடிச்சாத்தான் உள்ள போவேன்" என்று தங்கை போனில் சொல்ல, செவ்வாய்க்கிழமையே வந்துவிடுவதாக இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கவுன்ட்டர் பெண் நல்லவள்தான். புயல் என்பதால் தேதி மாற்றும் கட்டணம் கிடையாது, ஆனால் போகிற நாளின் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். வித்தியாசம் டிக்கெட் விலையைவிட மூன்று மடங்கு இருந்தது.

"நான் எங்கம்மா தேதியை மாத்தினேன்?"

"நானும் மாத்தலைக்கா. புயல்தான் மாத்துது."

"அப்ப புயல்கிட்டயே வாங்கிக்கோ. என் டிக்கெட்டுல செவ்வாய்னு போட்டிருக்கு. நான் செவ்வாய்லயே போய்க்கிறேன்."

சொன்னவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டாள், பிறகு அசையவில்லை. மண்டபம் புதனுக்குப் போனது, வியாழனுக்கும் போனது. அந்த வரிசைக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் மட்டும் செவ்வாய் சாயங்கால மழையே பெய்துகொண்டிருந்தது. தரை துடைப்பவர் நாற்காலிக்கடியில் இருந்த தேநீர்க் கறையைத் துடைக்கத் துடைக்க அது திரும்பி வந்தது. அது செவ்வாய்க்கிழமை சிந்திய தேநீர். களைத்துப்போய் அங்கே உட்கார்ந்த ஒரு பல் டாக்டருக்கு இரண்டு நாள் தாடி காணாமல் போனது. விஷயம் பரவியதும், வித்தியாசம் கட்ட வழியில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தையல்காரி தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வர்றவங்களை எல்லாம் சேர்த்தா நாள் தாங்குமாம்மா? கிழிஞ்சிடப் போகுது!" என்றார் பல் டாக்டர், தனக்கு இடம் கிடைத்த தைரியத்தில்.

"நல்ல தையல்ல உள்ள துணி விட்டிருப்பாங்க சார். பிரிச்சு விட்டா ஆள் கொள்ளும். கொஞ்சம் நகருங்க, கைக்குழந்தைக்காரி நிக்குறா."

ஆறு நாற்காலிகள் ஒரு விமானத்துக்கான கூட்டத்தைத் தாங்கின. வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தபோது, கவுன்ட்டர் பெண் அவர்களுடைய டிக்கெட்டுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். எவரும் தேதி மாற்றவில்லை, விமானம் சற்றுத் தாமதம், கட்ட வேண்டிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று வந்தது. மேலதிகாரியைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. எல்லோரையும் விமானத்தில் ஏற்றிவிட்டாள்.

போய் இறங்கிய ஊரில் வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் தையல்காரி முதன்முறையாக விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். ஆனால் வார்டில் நர்ஸ் அவளைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்கதான் அக்காவா? வந்து உங்க தங்கச்சியைக் கொஞ்சம் கேளுங்கம்மா. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக மூணு தடவை வந்துட்டோம். கட்டில்கிட்ட வந்தாலே முந்தின நாள் ஆயிடுது!"

தங்கையின் கட்டிலிலும் செவ்வாய்க்கிழமைதான். அக்கா போய்க் கையைப் பிடித்தாள். "வந்துட்டேன்டி. போதும், விட்டுடு" என்றாள். ஜன்னலில் புதன்கிழமை விடிந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தங்கை வீட்டுக்கு வந்து, இன்று இரண்டு பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

தைத்தது போக மிஞ்சிய துணியைத் திருப்பிக் கொடுப்பது தையல்காரியின் வழக்கம். செவ்வாயில் மிஞ்சியதையும் அந்த நாற்காலிகளிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போதும் புயல் காலத்தில் யாராவது விலையைக் கேட்டுக் கலங்கி நின்றால், கவுன்ட்டர் பெண் நான்காம் வாசலுக்கு எதிரே கை காட்டுகிறாள். தரை துடைப்பவர் அந்தக் கறையைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்.