பதினோரு பதில் வந்த கடிதம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். முதலில் 'மனோகரன் என்று ஒருவன் இருந்தான்' என்றுதான் ஆரம்பித்தேன். மனோகரன் என் பெயர். அப்படி எழுதியதும் எல்லாவற்றையும் வேறு யாரோ செய்ததுபோல் ஆறுதலாக இருந்தது. அடித்துவிட்டேன்.

(இன்னொரு தொடக்கம்: 'அன்று திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் மழை...' மழை பெய்யவில்லை.)

2

1999. என் கூட்டாளி லோகநாதன் திருமுல்லைவாயிலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். அதற்குள்ளேயே மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் ஆக்கினான். எனக்கு வேலை இல்லாததால் அங்கேயே கிடந்தேன். ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்கு ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. பாதிப் பேர் வளைகுடாவில். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். ஆறு மாதம் எழுதினேன்: ரயில் நேரம், கோயில் திருவிழா, என் கவிதை. ஒருவரும் பதில் போடவில்லை.

ஆனி மாதம் எங்கள் தெருவில் கெங்கம்மாள் வீட்டு மாடிக்கு ஒச்சியெங் குடிவந்தான். கென்யாக்காரன், பொறியியல் மாணவன். நான் எழுதினேன்: 'நம்ம தெருவுக்கு ஒரு ஆப்பிரிக்காக்காரன் வந்திருக்கிறான். என்னமோ சமைக்கிறான். நாற்றம் தாங்கவில்லை.'

பதினோரு பதில்.

[நாற்றம் கெங்கம்மாள் சமைத்த கருவாட்டுக் குழம்பு. எனக்குத் தெரியும். அதை நானே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.]

3

'வெறுப்பு பரவும் விதத்தை ஆராய்ந்தால்...' வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் 'அவன்' என்று எழுதியிருந்தேன். மூன்றாவது பதிலில் அது 'அவனுங்க' ஆனது. ஏழாவதில் போதை மருந்து வந்தது. ஒன்பதாவது ஆள் 'நானே கண்ணால் பார்த்தேன்' என்றார். அவர் துபாய் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'கறுப்பனுங்களை உள்ளே விடக்கூடாது' என்று எழுதியவரும் நானும் ஒரே நிறம்.

நான் யாரையும் திருத்தவில்லை. மறுநாள், 'இன்றைக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்' என்று எழுதினேன். வந்தவர்கள் அவனோடு படிப்பவர்கள். ஒருவன் ஆவடிப் பையன். அதை எழுதவில்லை.

பத்தொன்பது பதில்.

4

கெங்கம்மாளின் மகன் ராஜசேகரன் மஸ்கட்டில் இருந்தான். குழுவிலும் இருந்தான். பூத்துக்கு போன் போட்டு அம்மாவை வரச் சொன்னான். கூப்பிட்டு வந்தவன் நான்தான்.

"இன்னாடா சொல்றே? போதை மருந்தா? அந்தப் புள்ள என்னிய அம்மானு கூப்டுகினு கீதுடா."

எதிர்முனையில் அவன் கத்துவது எனக்கும் கேட்டது.

"நம்ம தெருக்காரங்களே எய்திகிறாங்களா? யார்ரா அது?"

அவன் பெயரைச் சொல்வதற்குள் போனை வைத்தாள். என்னைப் பார்த்து, "நீ இன்னா சொல்றே நைனா? காலி பண்ணச் சொல்லிடவா?" என்று கேட்டாள்.

"புள்ள பேச்ச கேளு ஆயா" என்றேன்.

(இந்த வரியை ஐந்து முறை அடித்தேன். கதாபாத்திரம் இவ்வளவு கோழையாக இருக்குமா என்று சந்தேகம் வந்தது. இருந்தது.)

5

இரண்டு நாள் கழித்து ஒச்சியெங் சென்டருக்கு வந்தான். கற்றுக்கொண்ட தமிழில், "அண்ணா, எனக்கு ரூம் வேணும். நீங்க குரூப்ல நல்லா எழுதுறீங்கன்னு லோகு அண்ணன் சொன்னார். எனக்காக எழுதுங்க" என்றான்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நான் தட்டினேன்: 'நல்ல மாணவன். வாடகைக்கு அறை தேவை. நாற்றம் அவன் வீட்டில் இல்லை. நான் பொய் சொன்னேன்.'

கடைசி இரண்டு வாக்கியத்தையும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

அவன் மூன்று நாள் வந்து, "பதில் வந்துச்சா அண்ணா?" என்று கேட்டான். ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் அவனும் வரவில்லை. கெங்கம்மாள் மாடியைப் பூட்டியிருந்தாள்.

6

இதைப் படித்த லோகநாதன், "இன்னா மாமே, தப்ப ஒத்துகினு நல்லவனாயிடலாம்னு பாக்கிறியா?" என்றான்.

ஒரு முடிவில் ஒச்சியெங் குமணன்சாவடியில் நல்ல அறை பிடிக்கிறான். இன்னொன்றில் நான் குழுவில் உண்மையை எழுதுகிறேன். இரண்டும் நடக்கவில்லை, அல்லது நடந்ததாக எனக்குத் தெரியாது. எனவே முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவனை எங்கே வேண்டுமானாலும் குடிவையுங்கள். என்னை மன்னிக்கும் வேலையை மட்டும் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.